சிறு குழந்தைகளுடன் கப்பல் சுற்றுலா: கேபினைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கப்பல் சுற்றுலாவுக்குத் தயாராகும் பெற்றோரில் பலர், கேபினைப் பற்றிய பேச்சைக் கடல் தெரியுமா தெரியாதா என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். "அறைக்குத் தூங்கத்தானே போகிறோம், எதுவாக இருந்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. குழந்தை இல்லாத தம்பதியருக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உடன் வரும்போது, நண்பகல் தூக்கம், டயப்பர் மாற்றுவது, பால் கலக்குவது, ஈரத்துணி உலர்த்துவது, அழுது அடம்பிடிக்கும் குழந்தையைக் கூட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருவது என்று பகலில் பாதி அந்த அறையிலேயே கழிகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இரவு எட்டு மணிக்குத்தான் வரும். குழந்தை தூங்கிவிடும், விளக்கை அணைத்தாக வேண்டும், பெற்றோருக்குத் தூக்கம் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். எங்கள் முதல் பயணத்தில், ஜன்னலில்லாத சிறிய அறை ஒன்றில், குளியலறைக் கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்து, மூடிய கழிப்பறை இருக்கையின் மேல் உட்கார்ந்து நான்கு இரவுகள் புத்தகம் படித்தேன். ஆகவே, "குழந்தை தூங்கும்போது நாம் எங்கே இருப்போம்?" என்ற கேள்வியை இந்த வழிகாட்டி முதலில் வைக்கிறது. மற்ற முடிவுகள் பெரும்பாலும் இதற்கான விடையைப் பொறுத்தே அமையும்.

படி 1: தலைகளையும் வயதுகளையும் கணக்கிடுங்கள்

கைக்குழந்தையும் ஒரு பயணிதான். தொட்டிலில் தூங்குமா, பெற்றோருடன் படுக்குமா என்பதைக் கப்பல் நிறுவனம் பார்ப்பதில்லை; கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் இருக்க வேண்டும் என்பதால், அந்தக் குழந்தையும் கேபினின் ஆள் கணக்கில் சேரும். இரண்டு பேருக்கான அறையை எடுத்துவிட்டு "குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்ல இங்கே வழியில்லை. சில பயணங்களில் கேபின்கள் காலியாக இருப்பதாக இணையதளம் காட்டும். மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்த்தவுடன் ஒன்றும் இல்லை என்று சொல்லும். கப்பலில் ஏற்றக்கூடிய மொத்த ஆட்களின் வரம்பு நெருங்கிவிட்டது என்பது அதற்குப் பெரும்பாலும் காரணம்.

வயது வரம்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ராயல் கரீபியன், கார்னிவல், டிஸ்னி போன்ற பெரிய நிறுவனங்கள் சாதாரணப் பயணங்களுக்குக் குறைந்தது 6 மாதம் என்றும், பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் என்றும் வரம்பு வைத்துள்ளன. புக் செய்யும் நாளில் குழந்தைக்கு என்ன வயது என்பது கணக்கில்லை. கப்பலில் ஏறும் நாளின் வயதே கணக்கு. பெற்றோர் இல்லாத நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப்புகளில் பெரும்பாலானவை 3 வயது நிறைந்து, டயப்பர் பழக்கத்தை விட்ட குழந்தைகளையே சேர்த்துக்கொள்கின்றன. உங்கள் குழந்தை அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தால், பயணம் முழுவதும் அது உங்களோடுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கேபினைத் தேடுங்கள்.

படி 2: படுக்கைகளை எண்ணாதீர்கள், படுக்கை எப்படிப்பட்டது என்று பாருங்கள்

"நான்கு பேர் தங்கலாம்" என்ற குறிப்பில், அந்த நான்காவது படுக்கை எங்கே இருக்கிறது என்ற விவரம் இருக்காது. கீழே ஒரு பெரிய கட்டில் (இரண்டாகப் பிரிக்கவும் சேர்க்கவும் முடியும்), சோஃபாவை விரித்தால் வரும் படுக்கை, கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும் மேல் படுக்கை என்று மூன்று வகையில் இடம் கிடைக்கும். இந்த மேல் படுக்கைக்குப் புல்மேன் பெர்த் என்று பெயர். ரயில் பெட்டிகளைத் தயாரித்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கப்பலுக்கும் வந்துவிட்டது. ரயிலில் அப்பர் பெர்த்துக்கு ஏறுவது போலவே ஏணியில் ஏற வேண்டும். ஆறேழு வயதுக் குழந்தைக்கு அது கொண்டாட்டம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஆபத்து. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் இறங்க முயன்றால் தடுக்க ஒரு சிறிய கம்பி மட்டுமே இருக்கும். ஆகவே இரண்டு சிறு குழந்தைகள் உள்ளவர்கள், இரண்டு மேல் படுக்கைகள் கொண்ட அறையைத் தவிர்த்து, சோஃபா படுக்கையும் தொட்டிலுக்கான தரையும் உள்ள அறையைத் தேட வேண்டும்.

மடக்குத் தொட்டிலைப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றித் தருகின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு. புக் செய்யும் அன்றே கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். தொட்டில் கிடைப்பது எளிது, அதை வைக்க இடம் கிடைப்பதுதான் கடினம். ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உள்ளறைகள் எனப்படும் ஜன்னலில்லாத வழக்கமான அறைகள் 150 முதல் 185 சதுர அடிக்குள் இருக்கும். ஹாலில் 10 அடிக்கு 17 அடி அளவில் சாக்பீஸால் ஒரு செவ்வகம் வரையுங்கள். கதவுப் பக்கம் ஆறு அடியைக் குளியலறைக்கும் அலமாரிக்கும் கழித்துவிடுங்கள். மீதியில் ஐந்தடிக்கு ஆறரை அடியாகக் கட்டிலை வரையுங்கள். ஆறடிக்கு மூன்றடியாக விரித்த சோஃபாவை வரையுங்கள். சுமார் ஒரு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள தொட்டிலை வரையுங்கள். பிறகு அந்தக் கோடுகளுக்கு நடுவே, கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, இருட்டில் குளியலறைக்கு நடப்பது போல் நடந்து பாருங்கள். எந்த விளம்பரப் படமும் சொல்லாத உண்மையை இந்தச் சாக்பீஸ் கோடு சொல்லிவிடும்.

படி 3: கேபின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஜன்னலில்லாத உள்ளறைதான் விலை குறைந்தது. அதற்கு ஓர் அரிய நன்மையும் உண்டு: விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவாகிவிடும், குழந்தை ஆழ்ந்து தூங்கும். அந்த இருட்டே அதன் குறையும் ஆகிறது. காலை ஆறா, பத்தா என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. ஒரு சிறிய இரவு விளக்கைக் கொண்டுபோங்கள். அல்லது பல கப்பல்களின் தொலைக்காட்சியில் கப்பலின் முன்புறக் கேமரா காட்சி ஒளிபரப்பாகும், ஒலியை அணைத்து அதை ஓடவிட்டால் விடியும்போது அறையிலும் மெல்ல வெளிச்சம் வரும். சில கப்பல்களின் உள்ளறைகளில் வெளிக்காட்சியை நேரலையாகக் காட்டும் திரை இருக்கிறது. 2011-இல் பயணத்தைத் தொடங்கிய டிஸ்னி டிரீம் கப்பலில் அது வட்ட ஜன்னலைப் போலவும், 2014-இல் வந்த ராயல் கரீபியனின் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் தரையிலிருந்து கூரை வரை பால்கனியைப் போலவும் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இரவு எட்டு மணிச் சிக்கலை எந்தத் திரையும் தீர்க்காது. நான்கு நாட்களுக்குக் குறைந்த பயணத்துக்கும், பெற்றோர் இருவரும் குழந்தையோடு சேர்ந்தே தூங்கிவிடும் குடும்பத்துக்கும் உள்ளறை போதும்.

ஜன்னல் உள்ள கடல்பார்வை அறையைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தவழும், நடக்கத் தொடங்கும் வயதில் குழந்தை இருந்தால் இதையே முதலில் பாருங்கள் என்பது என் கருத்து. ஜன்னல் திறக்காது, அதனால் விழுமோ என்ற பயம் இல்லை. பகல் வெளிச்சம் வரும். பெரிய ஜன்னல் உள்ள அறைகள் சிலவற்றில் அதன் விளிம்பு உட்காரும் அளவுக்கு அகலமாக இருப்பதால், குழந்தை அதில் அமர்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரத்தை ஓட்டிவிடும். இவை பெரும்பாலும் கீழ்த்தளங்களில் இருப்பதால் ஆட்டமும் குறைவு.

பால்கனி அறையின் மதிப்பு காட்சியில் இருப்பதாகச் சொல்வார்கள். குழந்தை உள்ளவர்களுக்கு அது கதவில் இருக்கிறது. உள்ளே குழந்தை தூங்க, கண்ணாடிக் கதவை மூடிவிட்டு வெளியே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம். கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் கூடுதல் பணம். குளிர்க்கடல் பயணத்திலும், காற்றும் மழையும் மிகுந்த பருவத்திலும் இந்தக் கணக்கு பலிக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. பால்கனி என்ற பெயரில் இரண்டு மாற்று வகைகளும் விற்கப்படுகின்றன. 2009-இல் வந்த ஓயேசிஸ் ஆஃப் தி சீஸ் போன்ற மிகப் பெரிய கப்பல்களில், கடலைப் பார்க்காமல் கப்பலின் நடுமுற்றத்தைப் பார்க்கும் பால்கனிகள் உண்டு; நிகழ்ச்சி நடக்கும் முற்றமாக இருந்தால் இரவில் சத்தம் வரும். 2018-இல் வந்த செலிபிரிட்டி எட்ஜ் கப்பலில் தொடங்கி, பால்கனியை அறைக்குள்ளேயே சேர்த்து, ஜன்னலின் மேற்பாதியைப் பொத்தானால் இறக்கும் அமைப்பும் வந்திருக்கிறது. அதில் இடையில் மடக்குக் கதவு இருந்தால், மழை நாளிலும் பெற்றோருக்கு ஒரு தனி மூலை கிடைக்கும்.

குடும்பங்களுக்கென்றே வடிவமைத்த அறைகளும் சில கப்பல்களில் உள்ளன. 2016-இல் வந்த கார்னிவல் விஸ்டா கப்பலில் குடும்பங்களுக்கான தனிப் பகுதியும் அதற்குள் ஒரு பொது ஓய்வறையும் அமைத்தார்கள். 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் சிறு குழந்தைகளுக்கான நீர்விளையாட்டுப் பகுதியை ஒட்டியே கேபின்கள் இருக்கின்றன. பெயரில் "குடும்ப" என்று இருப்பதால் மட்டும் இடம் தாராளமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். படுக்கைப் பகுதிக்கும் அமரும் பகுதிக்கும் இடையே சுவரோ கதவோ, குறைந்தது கனமான திரையோ இருக்கிறதா என்று அறையின் வரைபடத்தில் பாருங்கள். ஸ்வீட் எனப்படும் பெரிய அறைகளுக்கும் இதே அளவுகோல்தான். தடுப்பே இல்லாத விசாலமான ஒற்றை அறைக்கு இரட்டிப்புப் பணம் கொடுப்பதில் சிறு குழந்தைகளின் பெற்றோருக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

படி 4: ஒரு கேபினா, இரண்டு கேபின்களா?

நான்கு பேருக்கு மேல் போனாலோ, இரண்டு குழந்தைகளும் வெவ்வேறு நேரத்தில் தூங்குபவர்களாக இருந்தாலோ, இரண்டு கேபின்கள் எடுப்பதை யோசிக்கலாம். ஒரே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. இரண்டு கேபின்கள் எடுத்தால் ஒவ்வொன்றிலும் முதல் இருவருக்கு முழுக் கட்டணம். இருந்தும், இரண்டு உள்ளறைகளின் விலை ஒரு நல்ல பால்கனி அறையின் விலையை நெருங்கி நிற்கும் பயணங்கள் உண்டு. அப்போது இரண்டு குளியலறையும், இரண்டு அலமாரியும், விளக்கை எரியவிட ஓர் அறையும் கிடைக்கும். இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இங்கே ஒரு சொல் குழப்பம் பலரை ஏமாற்றியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து அறைகள் என்பது வேறு, உள்ளே இடைக்கதவு உள்ள இணைப்பறைகள் என்பது வேறு. முதல் வகையில் குழந்தையின் அறைக்குப் போக நடைபாதைக்கு வந்துதான் போக வேண்டும். "இடைக்கதவு உண்டா?" என்று நேரடியாகக் கேட்டு, இரண்டு கேபின் எண்களையும் எழுத்தில் வாங்குங்கள். பல நிறுவனங்கள் ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பதால், புக் செய்யும்போது அப்பாவும் ஒரு குழந்தையும் ஓர் அறையில், அம்மாவும் மற்றொரு குழந்தையும் அடுத்த அறையில் என்று பதிவு செய்துவிட்டு, ஏறிய பிறகு வசதிப்படி மாற்றிக்கொள்வது வழக்கமாக நடப்பது. தாத்தா பாட்டி உடன் வந்தால் இணைப்பறைதான் மிகப் பொருத்தம். இரவு எட்டு மணிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடைத்துவிடும்.

இணைப்பறை தேவைப்படாதவர்கள் இடைக்கதவு உள்ள கேபினை எடுக்கக் கூடாது. அந்தக் கதவு சுவரைப் போல ஒலியைத் தடுக்காது. அடுத்த அறையில் இருப்பவரின் தொலைக்காட்சி உங்கள் குழந்தையை எழுப்பும். உங்கள் குழந்தை பதிலுக்கு அவரை எழுப்பும்.

படி 5: தள வரைபடத்தை மூன்று அடுக்காகப் படியுங்கள்

கேபின் வகையைத் தேர்ந்தெடுப்பதைவிட, கேபின் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் தளவாரியான வரைபடத்தை நிறுவனமே வெளியிடுகிறது. வழக்கமாகக் கேபின் எண்ணின் முதல் ஒன்றிரண்டு இலக்கங்கள் தளத்தைக் குறிக்கும். ஒற்றைப்படை எண்கள் கப்பலின் ஒரு பக்கத்திலும் இரட்டைப்படை எண்கள் மறுபக்கத்திலும் இருக்கும். எண்ணின் அருகில் உள்ள சிறு குறியீடுகள், எத்தனை பேருக்குப் படுக்கை, இடைக்கதவு உண்டா, ஜன்னலை உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்பவற்றைச் சொல்லும். குறியீடுகளின் விளக்கம் வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதை விடாமல் படியுங்கள்.

உங்கள் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலேயுள்ள தளத்தையும் கீழேயுள்ள தளத்தையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முறை, மேல்தளத்தில் நீச்சல் குளத்துக்கு நேர் கீழே இருந்த பால்கனி அறை ஒன்றை, குளத்துக்குப் போவது எளிது என்று மகிழ்ந்து எடுத்தோம். விடிவதற்கு முன் ஐந்தே முக்காலுக்கு, தலைக்கு மேலே யாரோ இரும்பைத் தரையில் இழுப்பது போன்ற ஓசை வந்தது. ஊழியர்கள் நூற்றுக்கணக்கான சாய்வு நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தினமும் அதே நேரம், அதே ஓசை, அதே அழுகை. மேலும் கேபின்கள், கீழும் கேபின்கள் என்று நடுவில் சிக்கிய தளமே குடும்பத்துக்கு நல்லது.

நாடக அரங்கம், நடன அரங்கம், சமையலறை, உணவுக்கூடம் ஆகியவை மேலேயோ கீழேயோ இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விடப்பட்ட இடங்களையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அவை ஊழியர்களின் சரக்கறையாகவோ, தள்ளுவண்டிகள் ஓடும் வழியாகவோ இருக்கலாம். கீழ்த்தளத்தில் கப்பலின் முன்முனையில் இருந்தால், துறைமுகத்தை நெருங்கும் அதிகாலையில் நங்கூரச் சங்கிலியின் ஓசையும், கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்துவிசைக் கருவிகளின் அதிர்வும் வரும். பின்முனையில் கீழே இருந்தால் இயந்திர அதிர்வு தெரியும்.

அடுத்தது தூரம். ஐகான் ஆஃப் தி சீஸ் சுமார் 365 மீட்டர் நீளமுள்ளது. அந்த அளவுள்ள கப்பலில், மறுமுனையில் இருக்கும் கேபினுக்கு மறந்துவைத்த பொம்மையை எடுக்கப் போவது என்பது ஒரு சிறு யாத்திரை. குழந்தைகளின் நீர்விளையாட்டுப் பகுதி, பஃபே உணவுக்கூடம், கிட்ஸ் கிளப் ஆகிய மூன்றையும் வரைபடத்தில் குறித்து, அவற்றுக்குப் போகும் லிஃப்ட் எது என்று கண்டுபிடித்து, அந்த லிஃப்டிலிருந்து ஆறேழு கதவுகள் தள்ளி ஒரு கேபினைத் தேடுங்கள். லிஃப்டுக்கு எதிரிலேயே வேண்டாம். நள்ளிரவில் விருந்து முடிந்து வருபவர்கள் அங்கேதான் நின்று விடைபெறுவார்கள்.

தள்ளுவண்டியை நடைபாதையில் நிறுத்திவைக்க அனுமதி இல்லை, ஏனென்றால் அவசரகாலத்தில் அதுவே வெளியேறும் வழி. வண்டி கேபினுக்குள்ளேதான் இருக்க வேண்டும். கேபின் கதவுகளில் பல 60 சென்டிமீட்டரைவிட அகலம் குறைந்தவை. இரட்டைக் குழந்தைகளுக்கான அகல வண்டி நுழையாது. குடையைப் போல மடங்கும் ஒல்லியான வண்டியே சரி. மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளின் கதவு அகலமாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவை தேவைப்படுவோருக்காக ஒதுக்கப்பட்டவை.

படி 6: ஆட்டத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்

பூங்காவில் உள்ள சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாதது போல, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு அசைவு மிகக் குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும் மிக அதிகம். பக்கவாட்டில் சாயும் ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உள்ளன. முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவை தடுப்பதில்லை. கைக்குழந்தைகளுக்குக் கடல் குமட்டல் அரிது. 2 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே அது எளிதில் வரும். மூத்த குழந்தைக்கு நான்கு வயது, கார் பயணத்திலேயே வாந்தி எடுக்கும் பழக்கம் என்றால், மேல்தளத்துப் பால்கனியை விட்டு நடுப்பகுதிக் கீழ்த்தள ஜன்னல் அறைக்கு வருவது புத்திசாலித்தனம்.

படி 7: குளியலறையை மறந்துவிடாதீர்கள்

பெரும்பாலான கேபின்களில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஷவர் மட்டுமே உண்டு. ஷவர் என்றாலே அலறும் குழந்தைக்கு, குளியல் தொட்டி உள்ள அறை பெரிய நிம்மதி. டிஸ்னி கப்பல்களின் பெரும்பாலான அறைகளில் குளியல் தொட்டி உண்டு. அவற்றில் பலவற்றில் குளிக்கும் இடமும் கழிப்பறையும் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருப்பதால், ஒரு குழந்தை குளிக்கும்போதே இன்னொரு குழந்தையின் அவசரத்தைத் தீர்க்கலாம். டயப்பர் அணிந்த குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. தண்ணீரில் விளையாட ஆசைப்படும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்தத் தொட்டியே குளமாகிவிடும்.

துணி துவைக்கும் வசதியையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். டிஸ்னி, பிரின்சஸ் போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் சலவை இயந்திரங்கள் உள்ளன. ராயல் கரீபியன் கப்பல்களில் இல்லை.

படி 8: பால்கனி எடுப்பதானால், அதற்கான கட்டுப்பாட்டையும் சேர்த்தே எடுங்கள்

அமெரிக்காவில் 2010-இல் வந்த கப்பல் பயணப் பாதுகாப்புச் சட்டம், அங்குள்ள துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களின் கைப்பிடிச் சுவர் குறைந்தது 42 அங்குலம், அதாவது சுமார் 107 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் தலைக்கு மேல் போகும் உயரம் அது. ஆனால் பால்கனியில் ஒரு நாற்காலியும் ஒரு சிறு மேசையும் இருக்கின்றன. அவற்றில் ஏறி நின்றால் அந்த உயரம் பாதியாகிவிடும். ஏறத் தெரிந்த, ஆனால் சொல்பேச்சு கேட்காத வயதில், அதாவது ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்றரை வயது வரை, பால்கனி வேண்டுமா என்று இருமுறை யோசியுங்கள். எடுத்தீர்களானால், கதவின் மேற்பகுதியில் குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். நாற்காலிகளைக் கைப்பிடியிலிருந்து விலக்கி, தேவையில்லாத நேரத்தில் ஊழியரிடம் சொல்லி அகற்றிவிடுங்கள். பெரியவர் இல்லாமல் குழந்தை அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பதை முதல் நாளிலேயே சட்டமாக்குங்கள்.

இன்னொரு ஆபத்தைப் பலர் சொல்வதில்லை. பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது நடைபாதைக் கதவையும் திறந்தால், காற்று ஊடுருவி அந்தக் கனமான கதவை அறைந்து சாத்தும். கதவிடுக்கில் பிஞ்சு விரல் இருந்தால் என்னவாகும் என்று எழுதத் தேவையில்லை. ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறப்பது என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 9: புக் செய்யும்போது

மூன்று, நான்கு பேருக்கான கேபின்கள் எண்ணிக்கையில் குறைவு. பள்ளி விடுமுறைக் காலங்களில் அவைதான் முதலில் தீரும். கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் உத்தி இருவருக்குப் பலிக்கும், ஐவருக்குப் பலிக்காது. பயணம் விற்பனைக்கு வந்தவுடன் எடுத்துவிடுவது நல்லது.

உத்தரவாதக் கேபின் என்ற பெயரில் குறைந்த விலையில் ஒன்று விற்பார்கள். வகை மட்டும் உறுதி. எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும். நடன அரங்கத்தின் மேலேயும் அது விழலாம், இரண்டு கேபின்கள் எடுத்தால் இரண்டும் வெவ்வேறு தளத்திலும் விழலாம். சிறு குழந்தை உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். இலவசமாக உயர்வகை அறைக்கு மாற்றித் தருகிறோம் என்ற அழைப்பு வந்தாலும், புதிய கேபின் எண்ணை வரைபடத்தில் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்; பார்த்துப் பார்த்துப் பிடித்த நடுத்தள அறை, குளத்தடி அறையாக மாறிவிடக்கூடும்.

விலை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பாருங்கள். துறைமுக வரியும் கட்டணங்களும் கைக்குழந்தைக்கும் உண்டு. தினசரிச் சேவைக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று சேரும். மிகச் சிறு குழந்தைகளுக்குச் சில நிறுவனங்கள் விலக்கு அளிக்கின்றன. பணம் கட்டிய அன்றே தொட்டில், கட்டிலுக்கான பக்கத் தடுப்பு, பால் பாட்டிலைக் கழுவிச் சுத்தப்படுத்தும் வசதி, மருந்து வைக்கக் காலியான குளிர்பெட்டி ஆகியவற்றைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கேபினில் உள்ள குளிர்பெட்டிகள் பல, வீட்டு ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிர்வதில்லை. குளிரில் வைத்தாக வேண்டிய மருந்து இருந்தால் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். மின்கெட்டிலைக் கொண்டுவர அனுமதிப்பதில்லை என்பதால், பால் கலக்க வெந்நீர் எங்கே கிடைக்கும் என்பதையும் கேட்டுவைக்க வேண்டும்.

படி 10: ஏறிய முதல் ஒரு மணி நேரம்

கப்பலில் ஏறிய உடனே கேபின் திறக்கப்படுவதில்லை. பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகே உள்ளே விடுவார்கள். அன்றைய பகல் தூக்கம் தள்ளுவண்டியில்தான் என்று முடிவு செய்து, மாற்றுத் துணியையும் டயப்பரையும் கைப்பையில் வைத்திருங்கள். பெட்டிகள் வந்து சேர மாலையாகலாம்.

கேபின் திறந்ததும் முட்டி போட்டு, குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்கி, அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கட்டிலின் கூரான முனை, எட்டும் இடத்தில் தொங்கும் மின்கம்பி, மேசையில் வைத்திருக்கும் கண்ணாடிக் குவளைகள், குளியலறையின் உயர்ந்த வாசற்படி எல்லாம் அப்போதுதான் தெரியும். பெட்டிகளைக் காலி செய்து கட்டிலின் அடியில் தள்ளிவிட்டால், தவழ இடம் கிடைக்கும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் உலோகத் தகடுகள். நான்கு காந்தக் கொக்கிகளைக் கொண்டுபோனால், ஒரு பழைய புடவையையே திரையாக்கித் தொட்டிலைத் தனியறையாக மறைத்துவிடலாம். மூச்சுக்காற்று தாராளமாகப் போகும்படியும், துணி தொட்டிலுக்குள் எட்டாதபடியும் அதைக் கட்ட வேண்டும்.

பிறகு கேபின் ஊழியரைச் சந்தித்து, குழந்தை பகலில் தூங்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் அவர் கதவைத் தட்டமாட்டார். குழந்தையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி தரச் சொல்லி, அதை ஒருமுறை அணிவித்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணங்களில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அங்கி இருக்க வேண்டும் என்பது சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. அவசரகாலத்தில் கூட வேண்டிய இடத்துக்குக் கேபினிலிருந்து லிஃப்ட் இல்லாமல், படிக்கட்டு வழியாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நடந்து போய்விட்டு வாருங்கள். திரும்பும் வழியில், ஒரே மாதிரியான கதவுகளுக்கு நடுவே நம் கதவைக் குழந்தை அடையாளம் காணும்படி, அதற்குப் பிடித்த படம் ஒன்றைக் காந்தத்தால் கதவில் ஒட்டிவிடுங்கள்.